காற்று இல்லாத ஞாயிறு

மார்ச் 3, ஞாயிறு

மகன் போனில் சொன்னான். அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைத் தொடர் பதின்மூன்று வாரமும் இப்போது ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதாம். லேப்டாப்பை டிவியோடு இணைத்து அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். நீளமான கேபிள் ஒன்று அனுப்புகிறான். பேட்டரி செத்துப்போன லேப்டாப், இந்த டைரியைத் தட்டுவதோடு சரி, என் அறை மேசையை விட்டு நகராது.

அவளிடம் சொன்னேன். முதல் கேள்வியே, "கடைசி வாரமும் இருக்கா?"

முப்பத்தெட்டு வருஷம். மறக்கவில்லை.

மார்ச் 6, புதன்

கேபிளை மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை மாற்ற வேண்டும் என்பது அரை மணி கழித்துத்தான் உறைத்தது. பிறகு படம் ஹாலில், சத்தம் என் அறையில். "வாயைத் திறக்கறாங்க, பேச்சு வரலை. அப்படியே உங்களை மாதிரி" என்றாள்.

சரிசெய்து, படிகளை வரிசையாகத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் நான் மாடியில் ஆன்டெனா கம்பியோடு நிற்பேன், அவள் கீழே. தெரியுது, போச்சு, அப்படியே நில்லுங்க. அந்தத் தொடரை நான் பார்த்ததே இல்லை. அவள் குரலில் கேட்டதுதான்.

மார்ச் 7, வியாழன்

நான்கு பகுதிகள். கதையை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். கடைசிப் பகுதி ஞாயிறு காலை பத்துக்கு, அன்று போலவே. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 9, சனி

பன்னிரண்டு முடிந்தது. நாளைக்கு இருக்கட்டும் என்று கேபிளைக் கழற்றவில்லை. அவள் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

நேரில் சொல்ல நா எழவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். அன்று கடைசி வாரம். அக்கம்பக்கத்தார் எல்லாம் எங்கள் ஹாலில். கீழே அவள் சிரித்தாள். கல்யாணமாகி ஏழு மாதம், அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. என்னிடம் சிரித்ததில்லை. கம்பியை விட்டுவிட்டு, படியிறங்கி, ஜன்னல் வழியே அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் படம் போயிருந்தது. சிரிப்பும்.

மேலே ஓடிப்போய்த் திருப்பினேன். படம் வந்தபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அழுதாள். காற்று, என்றேன். வானிலை நிலையத்தில் காற்றின் வேகம் குறிக்கிற வேலை எனக்கு! மறுநாள் பதிவேட்டைப் புரட்டினேன். ஞாயிறு காலை பத்து மணி — காற்று இல்லை. அதைப் பார்த்துவிட்டு

ஹாலிலிருந்து அவள்: "ஏன் நிறுத்திட்டீங்க? பார்த்துட்டு?"

மார்ச் 10, ஞாயிறு

கேபிள் மாட்டியிருந்தால் நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் டிவியில் தெரியும். இந்த விஷயம் என் தாளில் இல்லை. நேற்று எழுதியது முழுவதையும் வாசித்திருக்கிறாள்.

அவளே வந்து கதவோரம் நின்றாள். காற்று என்றதை அன்றே நம்பவில்லையாம். கொடியில் துணிகூட ஆடவில்லையாம். இவளுக்காக யார் நிற்பது என்று நான் சலித்துப்போய் இறங்கிவிட்டதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள்.

பிறகு கேட்டாள், "என்னைப் பார்க்கவா வந்தீங்க?"

தலையாட்டினேன்.

பத்து மணிக்குக் கடைசிப் பகுதி ஓடியது. முடிவு என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு இடங்களில் சிரித்தாள்.

மார்ச் 12, செவ்வாய்

தொடர்தான் முடிந்துவிட்டதே என்று கேபிளைக் கழற்றப் போனேன். இருக்கட்டும் என்றாள்.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறேன்.