புரதம் இல்லை

1984 பெப். 7, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியின் கண்ணாடியில் வெளிச்சமே விழவில்லை.

ஆஸ்பத்திரியின் ஆண்கள் விடுதியில் இராசையா. எழுவைதீவு, மீனவர், வயது 38. ஐந்தாம் நாள் காய்ச்சல், இடுப்பு நாரி நோ, கண் சிவப்பு. போன மாதம் பூட்டிக் கிடந்த வலைக்கொட்டிலைக் கூட்டியவராம். ஒரு கடகம் நிறைய எலிப்புழுக்கை.

டொக்டர் நேற்று எலிக்காய்ச்சல் என்றார். இன்று வேறு பேச்சு. "ஹண்டா வைரசாயும் இருக்கலாம், மிஸ். அதுவும் எலியாலைதான். பிறபொருளெதிரி பாக்க இஞ்சை ஏலாது. நீங்கள் எண்ணித் தாறதை வைச்சுத்தான் ஆள் எவ்வளவு மோசமெண்டு பிடிக்கவேணும்."

வெண்குழியம் கூட. குருதிச் சிறுதட்டு குறைவு. சிறுநீர் கொதித்ததும் தயிர்போல் கலங்கியது. புரதம்.

இரத்தம் எடுக்கையில் இராசையா, "நெடுக எடுக்கிறியளே மிஸ், குழம்பு வைக்கிறியளோ?" மனைவி பூமணி அவர் தோளில் ஒரு தட்டு.

பெப். 8, புதன்

சவர்க்காரம் முடிந்தது. அக்காவுக்குக் கடிதம் இன்னும் போடவில்லை.

இராசையாவுக்குக் காய்ச்சல் விட்டது. பூமணி, "நாளைக்குப் படகு இருக்கு மிஸ், கொண்டு போகலாமோ?"

சிறுநீர் தெளிவு. கொதித்தும் கலங்கவில்லை. "புரதம் இல்லை" என்று எழுதினேன்.

இரத்தத்தில் சிறுதட்டு நேற்றையிலும் குறைவு. வெண்குழியங்கள் பெருகி, சில பருத்து, உருமாறி.

இரண்டும் ஒத்துவரவில்லை. கண்டேன். அப்படியே அனுப்பினேன். டொக்டர் நாளை வீட்டுக்கு விடலாம் என்று எழுதிவிட்டார்.

இந்தக் காய்ச்சலில் கிருமியைவிட, அதை எதிர்க்கும் உடம்பின் படையே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அவர்தான் சொன்னார். அப்படியானால் சூடு தணிந்தது என்ன கணக்கு? படை ஓய்ந்ததா, உள்ளே இறங்கிவிட்டதா?

பெப். 9, வியாழன்

ஏழு மணிக்கே விடுதிக்குப் போனேன். இராசையாவின் முகம் ஊதியிருந்தது. விக்கல். பூமணி பை கட்டிக்கொண்டிருந்தாள். நேற்றைய சிறுநீர்ப் போத்தல் யாருடையது என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தாள்.

"அவருக்குச் சலம் வரேல்லை மிஸ். நீங்கள் போத்தலைக் கேட்டுக்கொண்டு நிண்டியள். பக்கத்துக் கட்டில் அண்ணையிட்டைக் கேட்டனான். பாவம், உடனை தந்தவர்."

"எப்பவிருந்து வரேல்லை?"

"முந்தநாள் பின்னேரத்திலையிருந்து. வெக்கையாக்கும் எண்டு மூண்டு இளநி குடுத்தனான்."

இளநீர். சிறுநீரகம் நின்றவருக்கு. அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தும்.

டொக்டரிடம் ஓடினேன். பத்து நிமிடத்தில் அம்புலன்ஸ், யாழ்ப்பாணத்துக்கு. ஏறும்போது பூமணி என் கையைப் பிடித்தாள். "நானோ அவரைக் கொன்றுபோட்டன், மிஸ்?" இல்லை என்றேன்.

டொக்டர் கேட்டார், "நேற்று ஒண்டும் வித்தியாசமாய்த் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. நல்லதை நம்பீட்டன்."

அவர் என் நேற்றைய அறிக்கையைக் கையில் எடுத்தார். பிறகு, "நானும் அந்தத் தாளைத்தான் பாத்தனான்."

பெப். 10, வெள்ளி

செய்தி இல்லை. மூன்று மலச் சோதனை, ஒரு சளி. ஒவ்வொன்றுக்கும் ஆளிடம் போய்ப் பெயர் கேட்டேன். கிழவர் ஒருவர், "பிள்ளைக்கு மறதியோ?"

பெப். 12, ஞாயிறு

காற்று. பகல் அம்புலன்ஸ் சாரதி வந்தார். இராசையா இருக்கிறாராம். நேற்று வரை சிறுநீர் ஒரு துளியும் இல்லை, இன்று விடியத் தொடங்கி நிற்காமல் போகிறதாம்.

"அந்தாளின்ரை மனிசி சலச் சட்டியோடை விடுதி முழுக்கக் காட்டித் திரியிறா மிஸ், பெரிய மீன் பட்டது மாதிரி."

கலங்கலா, தெளிவா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.