தளவாய்புரத்து அக்காவும் பதினோராவது புத்தகமும்

ஜூன் 3, செவ்வாய்

பதினோராவது புத்தகம் இன்று போனில் வந்து இறங்கியது. நானும் இன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தேன். பிரஷர் ஏறிவிட்டதாம். பிரசவம் ஆகிற வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கௌதமின் முகம் வாடிப்போயிற்று. எனக்கும் பயம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு துள்ளல் — படுத்துக்கொண்டே படிக்கலாமே!

மொத்தம் பன்னிரண்டு புத்தகம். இதற்கு அடுத்தது கடைசி. காலேஜில் முதல் புத்தகம் படித்தபோது நெய்ரா வெறும் தெருவிளக்கு ஏற்றுகிற பெண். மற்றவர்கள் உள்ளங்கையில் தீ வளர்க்கும்போது அவளுக்கு ஒரு பொறிகூட வராது. அடிபட்டு, தோற்று, பயிற்சி செய்து, புத்தகத்துக்குப் புத்தகம் ஏறி இப்போது தீ வித்தையின் எட்டாம் படியில் நிற்கிறாள். ஒன்பதாம் படியை யாருமே தொட்டதில்லை.

அவசரப்படக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம். அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

ஒன்பது அத்தியாயம் முடிந்தது. வெட்கமே இல்லை எனக்கு.

ஜூன் 6, வெள்ளி

பக்கத்துக் கட்டிலில் கிருபாபாய் அக்கா. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். இதற்கு முன் இரண்டு குழந்தை தங்கவில்லையாம், நர்ஸ் மெதுவாகச் சொன்னார். இந்தக் குழந்தைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட அவர் வாங்கவில்லை.

இன்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முதல் புத்தகத்தில் நெய்ராவை வாசலோடு விரட்டின அதே கோட்டைத் தலைவன், அவள்தான் என்று தெரியாமலே வந்து கும்பிடு போடுகிறான். நெய்ரா அவனிடம், "சாப்பிட்டீங்களா?" என்கிறாள். பத்து புத்தகமாக இதற்காகக் காத்திருந்தேன்!

அக்கா இந்தப் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பிரஷர்காரி இப்படியா சிரிப்பா? அப்படி என்னதான் இருக்கு அந்தப் போன்ல?"

சொன்னேன். ஒன்றும் விளங்கவில்லை. "மொதல்லருந்து சொல்லு."

"பத்து புத்தகம் இருக்குக்கா."

"இருக்கட்டும். எனக்கு என்ன பஸ்ஸா பிடிக்கணும்?"

ஜூன் 8, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. ஆறாவது புத்தகம் வரை வந்தாயிற்று. எல்லாம் இங்கிலீஷில் படித்தது, தமிழில் சொல்லும்போது நெய்ரா நம்ம ஊர்க்காரி மாதிரியே ஆகிவிட்டாள். அக்கா கேட்கிற கேள்வி எனக்கு இத்தனை வருசத்தில் தோன்றவே இல்லை — எட்டாம் படிக்காரிக்குப் பசிக்குமா? உடம்பெல்லாம் தீயாக இருந்தால் துணி எப்படித் தாங்கும்?

இன்று ஒன்று கேட்டார். "இவ ஒவ்வொரு வாட்டியும் தோத்துட்டுத்தான ஏறுறா?"

"ஆமாக்கா."

 அதற்குப் பிறகு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

கௌதம் மில்லிலிருந்து நேராக வந்தார், கையில் பால்கோவா. அவரும் நெய்ரா பைத்தியம்தான்; புத்தகத்தை முடித்துவிட்டார், முகத்திலேயே தெரிகிறது. "எந்த அத்தியாயம்?" என்று ஆரம்பித்தார். "வாயத் தொறந்தீங்க, அடுத்த பஸ்ல ராஜபாளையம் போயிருங்க" என்றேன். பால்கோவாவை வாயில் போட்டு மூடிக்கொண்டார்.

ஜூன் 11, புதன்

பதினோராவதைச் சேர்ந்தே படிக்கிறோம். நான் படித்துச் சொல்ல, எதிர்க் கட்டில்காரர்களும் காது கொடுக்கிறார்கள். கடைசி மூன்று அத்தியாயம் இருக்கும்போது அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "மிச்சத்தப் புள்ள பொறந்த பொறவு சொல்லு."

"ஏன்க்கா?"

"பிரசவத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேல இருக்கணும்ட்டி."

சரி என்று தலையாட்டினேன். நானும் தொட மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

படித்துவிட்டேன். மூன்றும்.

என்ன சொல்ல! நெய்ரா தீயைச் சேர்த்துச் சேர்த்து ஒன்பதுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் அத்தனையையும் ஊரில் பொறியே இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறாள். அப்போது ஒன்பதாம் படிக் கதவு தெரிகிறது. அவள் தள்ளுகிறாள், கதவு திறக்கிறது — புத்தகம் முடிந்தது. முடிஞ்சேபோச்சு! இப்படியா நிறுத்துவாங்க?

அழுததில் பிரஷர் ஏறி, நர்ஸ் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

"கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்றார் அக்கா.

"தூசிக்கா."

"ம்."

ஜூன் 15, ஞாயிறு

பெண் குழந்தை. ஆபரேஷன்தான். எடை கொஞ்சம் கம்மி, சத்தம் கம்மி இல்லை. கௌதம் தூக்கப் பயப்படுகிறார். இதற்கு மேல் எழுத முடியவில்லை, சந்தோசம்.

ஜூன் 18, புதன்

காலையில் அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டி என் கட்டிலைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொண்டார். 

"நீ முடிச்சிட்டன்னு தெரியும்ட்டி. நெய்ரா பொழச்சிருவாளா? அத மட்டும் சொல்லு."

"வந்து கேளுங்கக்கா."

"கொழுப்பப் பாரு இவளுக்கு" என்று திட்டிக்கொண்டே போனார். சிரித்த மாதிரியும் இருந்தது.

சொல்லியிருக்கணுமோ? ஒரு வார்த்தைதானே. ஏன் சொல்லாம விட்டேன்? இன்னும் வெளியே வரல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க —

மதியம்: பையன்! அழுதானாம். நல்லா அழுதானாம்! அக்காவும் நல்லா இருக்காங்க. நானும் அழுறேன், என் மகளும் அழுகுது.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு நாளாக அக்கா கதையை மறந்தே போனார். மகன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்றுதான், "சரி, சொல்லு" என்றார். இரண்டு பிள்ளைகளையும் நடுவில் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"கதவு தெறக்குது. முடிஞ்சுது."

"என்னது, முடிஞ்சுதா? உள்ள யாரு?"

"அடுத்த புத்தகத்துலதான் தெரியும்."

"அது எப்ப வரும்?"

"ஒரு வருசம் ஆகும்க்கா."

"எந்தப் படுபாவிட்டி இத எழுதுனது!"

வார்டே சிரித்தது. எனக்குத் தையல் வலித்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மகளைத் தூக்கிக்கொண்டு தளவாய்புரம் போனோம். அக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைக்க இடமில்லை. கூடத் தைக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நெய்ரா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை, உட்காரச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார்.

"கதவுக்குள்ள பாத்தா ஒரு பொம்பள உலை வச்சிக்கிட்டு இருக்கா. அவ எப்பவோ ஒன்பதாம் படி ஏறுனவ. ஊருக்கு ஒரு வார்த்த சொல்லாம அங்கயே குடும்பம் நடத்துதா. நெய்ராவப் பாத்து, 'ஏன் இம்புட்டு லேட்டு?'ன்னு கேக்கா."

கௌதம் என் காதுப் பக்கம் வந்தார். "பன்னிரண்டாவது வந்துருச்சா?"

"இல்ல, இது அக்காவோடது. பேசாம இருங்க, கேப்போம்."

அதற்குள் பையன் சிணுங்க ஆரம்பித்தான். "செத்த நேரம் இருங்கட்டி, பால் குடுத்துட்டு வாரேன்" என்று அக்கா உள்ளே போனார்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நாங்களும்தான்.