மயக்க ஊசி பற்றி வசந்திக்கு

ஜவ்வாது மலை
12.11.1988

அன்பு மகள் வசந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடு மாடும் நல்லபடி இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளை ராஜவேலுவும் அப்படியே இருக்கப் படவேட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். சாமை அறுத்து அடித்தாயிற்று, அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். கருமுட்டையை ஊசியால் வெளியே எடுத்து, குழாயில் கருவாக்கி, மறுபடி உனக்குள் வைப்பார்கள் என்பது வரை புரிந்தது. முழு மயக்கம் கொடுக்கட்டுமா, அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கட்டுமா, நீயே சொல் என்று டாக்டரம்மா கேட்டாராமே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. படித்தவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? செங்கம் சந்தையில் கடைக்காரன் நம்மையே பார்த்து எடுக்கச் சொன்னால் ஏதோ சொத்தை இருக்கிறது என்று நான் மூட்டையின் அடிவரை கையை விட்டுப் பார்ப்பேன். நீ வலி தாங்கமாட்டாய், முழு மயக்கமே மேல் என்று மாப்பிள்ளை சொல்வதும் பிடிக்கவில்லை. நல்ல பிள்ளைதான், ஆனால் படுக்கப்போவது அவர் இல்லையே. நம் வீட்டில் விதைச் சாமையை நான் பக்கத்தில் நிற்காமல் உன் அப்பாகூட அள்ளியதில்லை. நீ தூங்கிக் கிடந்தால் எத்தனை எடுத்தார்கள், யாருடையதோடு கலந்தார்கள் என்று எப்படித் தெரியும்? விழித்தே இரு. உனுக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான் என்கிறார் அப்பா.

அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. நீ மூன்றாவது படிக்கும்போது வயிற்றுவலி என்று என்னை ஜீப்பில் மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கி, மூக்கில் மருந்துத் துணியை வைத்தார்கள். விழித்தபோது வயிற்றில் தையல். இனிமே புள்ள பொறக்காது, நீதானே ரேகை வச்ச என்றாள் அங்கிருந்த நர்ஸ். தம்பி வேண்டும் என்று நீ அழும்போதெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. அந்த வருஷம்தான் உன் சிலேட்டுப் பலகையை வாங்கி எழுதிப் பழகினேன், நீ சிரித்தாய்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன். என்னை ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை வசந்தி. உன்னைக் கேட்கிறார்கள். டாக்டரம்மாவைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்னவோ. இரண்டு ஊசியிலும் என்ன ஆகும் என்று நன்றாகக் கேட்டு நீயே சொல், நான் சொன்னதற்காக விழித்திருக்க வேண்டாம். ஆனால் காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடாதே, இங்கிலீஷில் இருந்தால் தமிழில் சொல்லக் கேள். உன் மடி நிறையட்டும், தாயே.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய உன் அம்மா
பச்சையம்மா