லிட்கம் மண்டபத்தில் முதல் பொங்கல்

ஜனவரி 9, 1975, வியாழன்
வெக்கை. ஆஸ்பத்திரி லோண்டரிக்குள் இன்னும் மோசம். கால் வீக்கம்.

பொங்கலுக்கு மண்டபம் இல்லை. போன கிழமை தொலைபேசியில் "காலியாக இருக்கிறது, வாருங்கள்" என்ற அதே பெண், நேற்று இவரையும் என்னையும் வாசலில் கண்டதும் "அதை வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள்" என்றாள். பதிவுக் கொப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவர் "பரவாயில்லை, தாங்க் யூ" என்றார். அந்தத் தாங்க் யூதான் எனக்கு இன்னும் எரிகிறது.

பதினான்கு குடும்பங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. சிட்னியில் எங்கள் தமிழ் ஆட்கள் கூடிப் பொங்கும் முதல் பொங்கல்.

ஜனவரி 10, வெள்ளி
மார்லீனிடம் சொன்னேன். லோண்டரியில் என்னோடு விரிப்பு மடிப்பவள், இந்த மண்ணின் பழங்குடி. அவளுடைய ஊரில் கறுப்பர்களை நீச்சல் குளத்துக்கே விடாத காலத்தில், அவளும் தமக்கையும் தங்கள் ஆட்களுக்கென்று ஒரு விழா தொடங்கினார்களாம்.

"கடிதம் எழுது. காசைத் தபாலில் அனுப்பு. ரசீது கைக்கு வந்த பிறகு முகத்தைக் காட்டு" என்றாள்.

லிட்கத்தில் இருக்கும் வேறொரு மண்டபத்துக்கு எழுதினேன். கையெழுத்து என்னுடையது. இவர் "நீரே போடும்" என்று பேனையை நீட்டிவிட்டார்.

ஜனவரி 15, புதன்
ரசீது வந்துவிட்டது! ஞாயிறு 19. கூடவே ஒரு தாள். வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது. உள்ளே குசினியில் சமைக்கலாம், அடுப்பைக் கறையில்லாமல் இருந்தபடியே விட்டுப் போக வேண்டும். மீறினால் இனி மண்டபம் கிடையாது.

நேற்றுத்தான் தைப்பொங்கல். எல்லாரும் வேலையில். பக்கத்துத் தெரு பரமேஸ் அக்கா போனில்: "ஞாயிற்றுக்கிழமை பொங்கிறதோ? சூரியனுக்கும் லீவு நாள் பாக்கிறியளோ?"

வாங்க வேண்டியவை: பயறு, சர்க்கரை, கஜுப் பருப்பு, காய்ந்த திராட்சை (பிளம்ஸ்). கரும்பு இல்லை. அடுப்பைத் துடைக்க வீட்டிலிருந்து பழந்துணி நான்கு.

ஜனவரி 18, சனி
பால் வழிந்தால் அடுப்பு நாசம். வழியாவிட்டால் அது பொங்கலே இல்லை.

இவர்: "ஏன் இப்பிடி நடுங்கிறீர்? துடைச்சால் போச்சு."

சொல்லுவார். கையெழுத்து இவருடையதா?

ஜனவரி 19, ஞாயிறு
அறுபது பேருக்கு மேல். பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் சப்பாத்துமாக. எல்லாரும் குசினி வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு.

பால் எழும்பியது. விளிம்புவரை நுரை. பரமேஸ் அக்கா "பொங்கலோ" என்று தொடங்கினார். நான் பானையைத் தூக்கிவிட்டேன்.

மண்டபக்காரர் அங்கே இல்லவே இல்லை. ஒருவரும் தூக்கச் சொல்லவில்லை. கை தானாகத் தூக்கியது. நுரை அடங்கிப் போயிற்று.

"என்ன பிள்ளை செய்துபோட்டாய்?" அக்காவின் குரல் அழுவது போல.

ஒரு சின்னப் பெட்டை தாயிடம்: "இஸ் இட் ஓவர், அம்மா?"

திரும்ப அடுப்பில் வைத்து அரிசி போட்டோம். சாப்பிட்டார்கள். நல்லாயிருக்கு என்றார்கள். அடுப்பு பளபளவென்று கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வெட்கம். அறுபது பேரின் பொங்கலை என் பயம் கெடுத்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்
கொஞ்சம் மழை. மார்லீன் எப்படி நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையில் இருந்த விரிப்பை மடித்து முடித்தாள்.

"எங்கள் முதல் விழாவில், பாட்டு நடக்கும்போது நானே போய்ச் சத்தத்தைக் குறைத்தேன். பொலிஸ் வரவில்லை. ஒருவரும் குறைக்கச் சொல்லவும் இல்லை."

"இரண்டாம் வருஷம்?"

"யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம்."

வேலை முடிந்து சாவி கொடுக்கப் போனேன். மண்டபக்காரர் அடுப்பைப் பார்த்தார். திருப்தி. அடுத்த தைக்கும் எங்களை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அப்போது பால் வழியும் என்றேன். அது எங்கள் வழக்கம், வழியத்தான் வேண்டும், துடைப்பது என் பொறுப்பு என்றேன். அவர் பேனையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். எழுதும்வரை நான் நகரவில்லை.