கழற்றி மாட்டிய விளக்குகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. அப்பாவின் முழங்கால் பழையபடிதான். அக்காவின் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நடந்து போய் எல்லார் செருப்பையும் எடுத்து வாயில் வைக்கிறாள். எப்போதும் அம்மாதான் உனக்கு எழுதுவாள், இந்தத் தடவை பேனாவை எடுத்தவள் ஒரு வரிகூட எழுதாமல் மூடி வைத்துவிட்டாள். "எனக்கு எழுதக் கூசுது. நீயே எழுது, நான் சொன்னதா எழுது, ஒண்ணையும் பூசி மெழுகாதே" என்றாள். அதனால் இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது.

முதலில் என் கண்ணில் பட்டது இரண்டு வட்டங்கள். நீ வாங்கிக் கொடுத்த காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, நான் வேலை செய்யும் கம்பெனி சர்வீஸ் கூடத்தில் விட்டார்கள். முன்பக்கம் முழுக்கப் புழுதியும் கரியும். ஆனால் பம்பருக்கு மேலே, இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்றாக, தட்டு கவிழ்த்து வைத்த மாதிரி இரண்டு வட்டங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நடுரோட்டில் வண்டி புகைந்துகொண்டு நிற்கும்போதே, இழுக்கிற வண்டி வருவதற்குள், முன்னால் கூடுதலாக மாட்டியிருந்த பெரிய விளக்குகளை அத்தான் கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டார். கழுவச் சொன்னார்கள், கழுவினேன், ஒரு துடைப்பில் இரண்டு வட்டமும் போய்விட்டன.

அத்தான் உன்னிடம் போனில் சொன்னது எங்களுக்குத் தெரியும். கழுவுகிற பெண் எஞ்சினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டாள், மறுநாளே ஒயர் எல்லாம் எரிந்துவிட்டது என்று. நீயும் கோபப்பட்டு, கம்பெனியின் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றாயாம். எழுதாதே அண்ணா. அந்தக் கழுவுகிற பெண் பைப்பக்கா. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம், வாயைத் திறக்காத என்னைக் கூட்டிக்கொண்டு போய், "பேச மாட்டா, ஆனா வேலை பேசும்" என்று சொல்லி வேலையில் சேர்த்துவிட்டவள். கையில் எப்போதும் தண்ணீர்க் குழாய் இருப்பதால் அந்தப் பெயர். பானெட்டைத் திறந்தால் முதல் வேலை பியூஸ் பெட்டி மேலும் ஒயர்கள் மேலும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடுவது. மூடுவது என் வேலை, மூடிவிட்டேனா என்று பார்க்காமல் அவள் குழாயைத் திறக்கவே மாட்டாள். நம் வண்டிக்கும் அப்படித்தான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

நீ வாங்கிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய், கம்பெனி சர்வீஸைத் தவற விடாதீர்கள், வாரண்டி இருக்கிற வரைக்கும் வெளியே யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்று. அப்பாவுக்கு முழங்கால் மடங்காமல் போனதும் வாடகை ஓட்டம் அத்தான் கைக்கு வந்தது, அந்த மாதமே வண்டி அலங்காரக் கடைக்குப் போனது. முன்னால் பானை மூடி அளவில் இரண்டு விளக்கு, லாரிக்கு வைக்கிற ஹாரன், சீட்டுக்கு அடியில் நீல வெளிச்சம், டிக்கியில் நெஞ்சை இடிக்கிற பாட்டுப் பெட்டி. ராத்திரியில் வந்து நின்றால் வண்டி மாதிரியா இருக்கும், மருந்துக்கடை மாதிரி இருக்கும். இதற்கெல்லாம் கம்பெனி ஒயரை நடுவில் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, வெளியே தெரியாதபடி அதே உறைக்குள் திணித்துக் கொடுத்தார்கள். யோசனையும் அந்தக் கடைக்காரர் சொன்னதுதான், சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்று, வந்ததும் மாட்டு என்று.

அதை வீட்டில் ஒரு சடங்கு மாதிரியே ஆக்கிவிட்டோம் அண்ணா. அப்பா டார்ச் பிடிப்பார், அத்தான் படுத்துக்கொண்டு கழற்றுவார், அக்கா டப்பா மூடியில் திருகாணிகளை வாங்குவாள், அம்மா பழைய புடவையில் விளக்குகளைச் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். முதல் தடவை அம்மாவே சிரித்தாள், "பரீட்சைக்குப் போற பிள்ளைக்குத் தலை சீவி விடுற மாதிரில்ல இருக்கு" என்று. சர்வீஸ் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. நானும் அங்கே வண்டியைக் கழுவிவிட்டு, இங்கே வந்து மறுபடி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த முறுக்கைப் பிரிப்பதும் மறுபடி முறுக்குவதும். கம்பி இற்று இற்று, தொட்டால் ஆடுகிற மாதிரி ஆகிவிட்டது. மாட்டியே வைத்திருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். ஒளித்து ஒளித்துத்தான் எரித்தோம்.

சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள், ஓட்டத்தில் போகும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து புகை. பின்னால் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, கதவு திறந்தது, இறங்கிவிட்டாள். அவள் எப்படிப் போனாள், வீடு போய்ச் சேர்ந்தாளா என்று அத்தானைக் கேட்டால் தெரியாது என்கிறார். விளக்கைக் கழற்றுகிற அவசரம் அவருக்கு.

சூப்பர்வைசர் எரிந்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தானிடம் நிதானமாகத்தான் கேட்டார். "வெளியில ஏதாவது மாட்டியிருந்தா சொல்லிடுங்க. மாட்டினதாலேயே முழு வாரண்டியும் போயிடாது. நாளைக்கு பிரேக்கோ கியரோ போச்சுன்னா பாத்துக் கொடுப்போம். வெட்டின ஒயரால எரிஞ்சதுக்கு மட்டும் கம்பெனி பொறுப்பேற்காது, அவ்வளவுதான்." அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டேப் உருகி எல்லாம் ஒரே கருங்கட்டியாக இருந்தது அத்தானுக்குத் தைரியமாகிவிட்டது. "இத்தனை சர்வீஸ் நீங்கதானே சார் பாத்தீங்க, ஒரு தடவையாவது வெளி ஒயர் பாத்தீங்களா? உங்க ஆளு தண்ணிய அடிச்சு எரிச்சுட்டு எங்க தலையில கட்டுறீங்களா?" என்று கூடமே அதிரும்படி கத்தினார். சூப்பர்வைசர் பழைய சர்வீஸ் சீட்டுகளைப் புரட்டினார். உண்மைதானே, ஒரு தடவையும் அவர் பார்க்கவில்லை. சாயங்காலமே பைப்பக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், வண்டியைத் தங்கள் செலவிலேயே சரி செய்து கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டார்கள். அவள் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீதானே மூடின? மூடித்தானே அடிச்சேன்?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அத்தான் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். கழற்றின விளக்குகளை அந்த ரோட்டோரத்தில் யார் கடையிலோ கொடுத்து வைத்து எடுத்து வந்துவிட்டார், மூட்டை கட்டிலுக்கு அடியில் வழக்கமான இடத்தில். என்னைப் பார்த்ததும் பெருமை வேறு. "உன் பேரு வராம பாத்துக்கிட்டேன், தெரியுமில்ல? ஷீட்டு போடுறது சின்னப் பொண்ணுன்னு ஒரு வார்த்தை நான் விடல. நம்ம பொண்ணாச்சே" என்று மென்றுகொண்டே சொன்னார். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, வண்டி வந்ததும் மாட்ட வேண்டும், விளக்குக் கண்ணாடியைத் துடைத்து வை என்றார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அப்பா மட்டும் மெதுவாக, "வண்டி சும்மா சரியாகி வருது, அந்தம்மாவுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும், விடேன்" என்றார். நம் அப்பாவா என்று இருந்தது. ஓட்டத்துக்குப் போன காலத்தில், பின் சீட்டில் யாரோ விட்டுப்போன குடைக்காக ஊரெல்லாம் விசாரித்தவர் அவர். அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கையை மட்டும் கழுவிக் கழுவிக் கொண்டே நின்றாள். "அந்த மூட்டைய நானும்தான் கட்டினேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

அம்மா சொல்லச் சொன்னவை இவை. அங்கே சம்பாதித்து அனுப்புகிறவன் நீ, உன்னிடம் மறைத்து உன் வண்டியை ஓட்டக் கூடாது. ஒயர் செலவு நம்முடையது, அதற்கு வாரண்டி கேட்க நமக்கு வாயில்லை. அத்தான் போன் செய்து அழுதாலும் கத்தினாலும் நீ இளகாதே, அக்காவை மட்டும் ஒன்றும் சொல்லாதே. யாருக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் அவர்கள் கை எப்படிப்பட்டது என்று பார்த்துக் கொடு. ராத்திரி வேலை முடிந்து வந்தால் சோம்பல்பட்டு வெறும் ரொட்டியோடு படுக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல், உன்னால் யாருக்கும் ஒரு குறையும் வராமல், நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசீர்வாதம். மறுபடியும் சொல்லச் சொன்னாள், மேலிடத்துக்கு எழுதாதே.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா குனியக்கூட இல்லை, காலாலேயே அந்த மூட்டையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டாள். நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். நல்ல கனம். கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள், கழுவுகிற இடத்துக்குப் போகாமல் நேரே கண்ணாடி அறைக்குள் போனேன். சூப்பர்வைசர் என்னம்மா என்றார். மூட்டையை அவர் மேசைமேல் வைத்து, முடிச்சை அவிழ்த்தேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்காக,
உன் ஊமைக்கோட்டான் தங்கை