ஆளில்லாத பணியிடம்

அன்புள்ள தோழிக்கு,

அப்பா தேறி வருகிறார் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். தானாகவே கரண்டியைப் பிடித்து இரண்டு வாய் சாப்பிட்டார் என்று எழுதியிருந்தாயே, அதை ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொன்னேன். நீ சரியாகத் தூங்குகிறாயா? அதை மட்டும் எழுதவே மாட்டேன் என்கிறாய்.

என் பாடு இங்கே திண்டாட்டம்தான். அடுத்த ஆண்டு என்னைத் தலைமையாசிரியை ஆக்குவதென்று தாளாளர் முடிவு செய்துவிட்டார். அதற்கு முன் பட்ஜெட் போடக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடுகிறார்கள், நான் கணக்காளர் அறைக்குள் போகிறேன். அலமாரி ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்குமே, அதே அறை. கதவைச் சாத்தினால் மின்விசிறிச் சத்தமும் அவர் இருமலும்தான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவளுக்கு முதல் வாரம் ஒன்றுமே பிடிபடவில்லை.

பள்ளிக்கு ஒரே பை, தேவைக்கு எடுத்துச் செலவழிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கட்டடத்துக்கென்று வந்ததைச் சம்பளத்துக்குத் தொட முடியாது. இந்த ஆண்டே செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். அதனால் நன்றாக இருக்கும் சுவருக்கே மறுபடி பெயின்ட் அடிக்கிறார்கள். நூலகத்துக்கும் அடித்தாயிற்று. நீ விடுப்பில் போனதிலிருந்து அது பூட்டித்தான் கிடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க உன்னிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இப்போது வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு சேர்க்கை குறைந்ததில் சம்பளக் கணக்கில் துண்டு விழுகிறது. ஒரு பணியிடத்தை எடுத்தே ஆக வேண்டும். எதை எடுப்பது என்று நான்தான் எழுதித் தர வேண்டும், அதுதான் எனக்கு வைத்த பரீட்சை. எனக்குத் தரப்போகும் பதவிப்படியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தாளாளர் சிரித்துவிட்டு, "அதை வெச்சு சாக்பீஸ்தான் வாங்கலாம் டீச்சர்" என்றார்.

கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. நடக்க முடியாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியேறும் ஆயாவின் இடம் ஒன்று. மற்றொன்று எது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. "இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட போகட்டும்" என்று தாளாளர் சொல்லிவிட்டார். தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் கடையை மூடிய பிறகு எங்கள் வீடு எதை நம்பி ஓடுகிறது என்று உனக்குத் தெரியும்.

ஆயாவை எழுத எனக்குக் கை வரவில்லை. நேற்று மாலை மற்றதை எழுதிக் கொடுத்துவிட்டேன். தாளாளருக்கு மகிழ்ச்சி. "உக்காந்திருக்கறவங்கள எழுப்பினாத்தான் சத்தம் வரும். காலியா கெடக்கறத எடுத்தா யாரு கேக்கப் போறா? நீங்க தேறிட்டீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதுவரை அது வெறும் தாள்தான், அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். ஆள் வேலையில் இருக்கும் இடத்தை விளக்கம் கேட்காமல் எடுக்க முடியாது என்று விதியில் இருக்கிறது. கணக்காளரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. இருமிக்கொண்டே அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

போனில் பேசினால் என் வாய் நிற்காது. அதனால்தான் இதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் உடனே திரும்ப வேண்டாம். தன் அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர், தூக்கி உட்கார வைக்கவும் துடைத்துவிடவும் தெரியும். உன் அப்பாவை அவரிடம் நம்பி விட்டுவிட்டு வரலாம்.

நீ வியாழக்கிழமை காலை ரயிலைப் பிடி. என்னைத் தேடாதே, என்னிடம் எதையும் கேட்காதே. நேராக அலுவலகத்துக்குப் போய், விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. மறுபடி விடுப்பு வேண்டுமென்றால் அதற்கப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யார் சொல்லி வந்தாய் என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆயாவைப் பற்றி என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். நீ வா. என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும், அந்தக் கோபத்தோடாவது வா.

உன் வரவையே வேண்டிக்கொண்டிருக்கும்
உன் தோழி