மின்மினி மூச்சைப் பிடிக்கிறது

என் மேசையில் ஒரு மின்மினி செத்துக் கிடக்கிறது. காலையில் கூட்டித் தள்ளப் போனவள், பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று எடுத்து வைத்தேன். பிறகு அது எப்படி மின்னுகிறதென்று வாசிக்கத் தொடங்கினேன். மத்தியானச் சோறு இன்னும் அப்படியே இருக்கிறது. உனக்கு உடனே சொல்ல வேண்டும். நீ இறந்து ஆறு வருடம் என்பதெல்லாம் இருக்கட்டும், நீ சொன்னதுதான் சரி.

வெள்ளாங்குளத்தில் நாம் இருவரும் கண்ணிவெடி அகற்றிய காலம். நீ தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவள், ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவள். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்த தலைக்கனக்காரி. சாதாரணதரப் பரீட்சை எழுத ஆசைப்பட்டுக் கொப்பி வாங்கி, விஞ்ஞானம் சொல்லித் தரக் கேட்டிருந்தாய். வேலை முடிந்த ஒரு பின்னேரம், இருட்டத் தொடங்க, வெடி அகற்றாத நிலத்தைக் காட்டும் சிவப்புத் தடிகளுக்கு அப்பால் பற்றைக்குள் மின்மினிகள் விட்டுவிட்டு மின்னின. அதெப்படியென்று யாரோ கேட்க நீ முந்திக்கொண்டாய்.

"நான் மண் கிண்டேக்க மூச்சைப் பிடிக்கிறன். இல்லாட்டி முகக் கண்ணாடியில புகார் படியுது, ஒண்டும் தெரியாது. இந்தப் பூச்சியும் மூச்சைப் பிடிச்சாத்தான் வெளிச்சம் வரும்போல."

"பூச்சிக்கு நுரையீரலே இல்லையடி, விசரி," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் அதன்பிறகு அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரவேயில்லை. பரீட்சையும் எழுதவில்லை.

இப்போது கேள். மின்மினியின் ஒளிக் கலங்களின் ஓரத்தில், கலத்துக்காகச் சுவாசிக்கும் நுண்ணுறுப்புகளான இழைமணிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வருகிற ஒட்சிசனை எல்லாம் அவையே சுவாசித்துத் தீர்த்துவிடும், உள்ளே இருக்கும் ஒளிரும் பொருளுக்கு ஒன்றும் போகாது. நரம்பு சைகை கொடுத்ததும் பக்கத்தில் நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகிறது. சின்னஞ்சிறு வாயு. அது இழைமணிக்குள் ஒட்சிசன் போய் ஒட்டும் இடத்தில் தான் ஒட்டிக்கொள்ள, சுவாசம் நின்றுவிடுகிறது. தப்பிய ஒட்சிசன் உள்ளே பாய்கிறது, வெளிச்சம் வருகிறது! அந்த வெளிச்சமே வாயுவின் பிடியைத் தளர்த்துகிறதாம். உடனே இழைமணிகள் மூச்சு விட, விளக்கு அணைகிறது.

கலம் மூச்சைப் பிடிக்கிறது. நுரையீரலைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை, நான்தான் பேசினேன். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, துள்ளிக் குதிக்க வேண்டும்போலவும் இருக்கிறது.

நாளை பதினோராம் வகுப்பில் இதைத்தான் படிப்பிக்கப் போகிறேன். கண்டறிந்தவர்கள் யாரென்று பிள்ளைகள் கேட்பார்கள், சொல்வேன். வெள்ளாங்குளத்து மண்ணில் குந்தியிருந்து தானாகவே ஊகித்தவள் யாரென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலே சொல்வேன்.